கிணத்தில தண்ணி நிக்குது, ஆனா நல்ல தண்ணி நிக்குதோ?

லண்டனில ஒரு வருசம் முழுக்கப் பெய்யிற மழையைச் சேர்த்துப் பாத்தா சுமார் 600 மில்லிமீற்றர்தான் வரும். யாழ்ப்பாணத்தில அது 1200க்கு மேல. அதாவது அவைக்கு வானம் குடுக்கிறதைப்போல ரெண்டு மடங்கு எங்களுக்குக் குடுக்குது, பிறகும் ஆவணி புரட்டாதி வந்தா தீவுப்பகுதிக்குத் தண்ணி பவுசர் ஓடுது, கரையோரத்துச் சனம் குடத்தையும் கானையும் சைக்கிளில கட்டிக்கொண்டு நல்ல தண்ணிக் கிணறு தேடித் திரியுது. ஏன் இப்பிடி எண்டு கேட்டா கனபேர் சொல்லுறது எங்களுக்கு ஆறு இல்லையே எண்டுதான். அது சரிதான், வருசம் முழுக்க ஓடுற ஆறு குடாநாட்டில ஒண்டும் இல்லை, ஆனா ஆறு இல்லாமலே எத்தினையோ தலைமுறை இஞ்ச தோட்டம் செய்து சாப்பிட்டிருக்கு. அப்ப விசயம் வேற எங்கயோ கிடக்கு. அதைத்தான் முதல்ல இருந்து, விஞ்ஞானம் படிக்காத ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி எழுதிப் பாக்கிறன்.

மழை கணக்கில நிறைய இருந்தாலும் அது வருசம் முழுக்கப் பிரிஞ்சு பெய்யிறேல்ல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எண்டு மூண்டு மாசத்துக்குள்ள பெரும்பங்கு கொட்டி முடிஞ்சிடும், பிறகு சித்திரையில ரெண்டு இடிமழை, இடைக்கிடை ஒரு தூறல், அவ்வளவுதான். அந்த மூண்டு மாசத் தண்ணியை மிச்ச ஒன்பது மாசத்துக்கும் எங்கயாவது வைச்சிருக்கவேணும். வன்னியில எண்டா அணை கட்டிக் குளமாத் தேக்கலாம், இரணைமடு அப்பிடித்தான். குடாநாட்டில அந்தமாதிரிப் பெரிய குளத்துக்கு மேடும் இல்லை பள்ளமும் இல்லை, நிலம் தட்டை, பெரும்பாலான இடம் கடல் மட்டத்தில இருந்து பத்து மீற்றர் உயரம்கூட வராது, எங்க நிண்டாலும் கடலோ கடல்நீரேரியோ பக்கத்தில. அப்ப எங்கட தண்ணியை ஆர் வைச்சிருக்கிறது? எங்கட காலுக்குக் கீழ கிடக்கிற கல்லு.

அது சுண்ணாம்புக்கல்லு. மயோசீன் எண்டு புவியியல் படிச்ச ஆக்கள் சொல்லுற காலத்தில கடலுக்கடியில சிப்பியும் பவளமும் படிஞ்சு இறுகின கல்லு. மழைத்தண்ணி காத்துக்குள்ளாலயும் மண்ணுக்குள்ளாலயும் வரேக்க கொஞ்சம் காபனீரொட்சைட்டைக் கரைச்சுக்கொண்டு மெல்லிய அமிலமா மாறும், அது இந்தக் கல்லைக் காலங்காலமா அரிச்சு அரிச்சு வெடிப்பும் பொந்தும் குகையுமா ஆக்கி வைச்சிருக்கு. கேத்திலுக்கு அடியில வெள்ளையாப் படியிது பாருங்கோ, அது அந்தக் கல்லுத்தான், கரைஞ்சு வந்து தேத்தண்ணி வரைக்கும் வந்திருக்கு. வலிகாமத்தில இந்தக் கல்லுக்கு மேல செம்மண் கிடக்கு, செம்மண்ணில மழை விழுந்தா கனநேரம் தேங்கி நிக்காது, விறுவிறுவெண்டு கீழ இறங்கி அந்த வெடிப்புகளுக்க போயிடும். கீரிமலைக் கேணியில கடலுக்குப் பக்கத்திலயே நல்ல தண்ணி ஊறி வாறதும் இதாலதான், நிலத்துக்குள்ளால ஓடி வந்த மழைத்தண்ணி கரையில வெளிக்கிடுற இடம் அது. குடாநாட்டில இப்பிடி நிலத்தடித் தண்ணி நிக்கிற படுகை நாலு எண்டு பிரிச்சுச் சொல்லுவினம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவுப்பகுதி. வலிகாமத்துப் படுகைதான் பெரிசு, சுன்னாகப் படுகை எண்டும் அதைச் சொல்லுறது.

இனித்தான் ஆறுதலா வாசிக்கவேண்டிய இடம். கல்லுக்குள்ள பொந்து வெடிப்பு எண்டா கடல் தண்ணியும் அதுக்குள்ளால வரலாம்தானே? வருது. குடாநாட்டுக்குக் கீழ ஆழத்தில போனா எல்லா இடமும் உப்புத் தண்ணிதான். எங்கட மழைத்தண்ணி அந்த உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது, ஏனெண்டா நல்ல தண்ணி பாரம் குறைவு. ஒரு லீற்றர் நல்ல தண்ணி 1000 கிராம் எண்டா ஒரு லீற்றர் கடல் தண்ணி சுமார் 1025 கிராம். இதை வள்ளத்தை வைச்சு யோசிச்சா லேசா விளங்கும். வள்ளத்தில சாமான் ஏத்த ஏத்த அது தண்ணிக்குள்ள தாழும், இறக்க இறக்க அடித்தட்டு மேல எழும்பும். எங்கட நல்ல தண்ணியும் அப்பிடித்தான் உப்புத் தண்ணிக்கு மேல கிடக்குது. மாரியில மழை இறங்கி மேல மட்டம் உயர்ந்தா அடிப்பக்கம் உப்பைக் கீழ தள்ளிக்கொண்டு தாழுது, கோடையில நாங்கள் இறைக்க இறைக்க மேல் மட்டம் குறைய, அடிப்பக்கத்தால உப்பு எழும்புது. நடுப்பகுதியில தடிப்பாவும் கடற்கரைக்குக் கிட்டப் போகப் போக மெலிஞ்சும் இருக்கிறபடியா இதை நன்னீர் வில்லை எண்டு புத்தகங்களில போட்டிருக்கும்.

எவ்வளவு எழும்பும்? இதுக்கொரு கணக்கு இருக்கு. 1880களின்ர கடைசியில பேடன் கைபன் எண்ட ஒல்லாந்துப் பொறியியலாளரும், பிறகு 1901 இல ஹேர்ட்ஸ்பேர்க் எண்ட ஜேர்மன்காரரும் தனித்தனியா எழுதி வைச்சது. 1000 ஐ அந்த 25 வித்தியாசத்தால பிரியுங்கோ, 40 வரும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா, கடல் மட்டத்துக்குக் கீழ 40 அடி நல்ல தண்ணி இருக்கு எண்டு அர்த்தம். கேக்க சந்தோசமா இருக்கும். ஆனா அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ, மேல ஒரு அடி குறைஞ்சா கீழ உப்பு 40 அடி மேல வரப் பாக்கும். ஒரு நாளில வராது, அதுக்குக் காலம் எடுக்கும், பிறகு எங்கட கல்லில பொந்தும் குகையும் இருக்கிறபடியா எல்லா இடமும் ஒரே மாதிரியும் வராது, நல்ல தண்ணிக்கும் உப்புக்கும் நடுவில கோடு கீறின மாதிரி எல்லையும் இல்லை, கலங்கலா ஒரு சவர்ப் படை இருக்கும். எண்டாலும் இந்த 40 எண்ட எண்ணை மனதில வைச்சிருந்தா யாழ்ப்பாணத்துத் தண்ணிப் பிரச்சினையின்ர முக்கால்வாசி விளங்கிடும்.

இதைக் கண்ணால பாக்கிறதெண்டா புத்தூர்ப் பக்கம் நவக்கிரியில இருக்கிற நிலாவரைக் கிணத்துக்குப் போகலாம். வத்தாத கிணறு, அடி இல்லாத கிணறு எண்டு சொல்லுறதைக் கேட்டிருப்பியள். அடி இருக்கு, கல்லுக்குள்ள விழுந்த குழி அது, சுமார் 50 மீற்றர் ஆழம். ஆய்வு செய்த ஆக்கள் ஆழம் ஆழமா மாதிரி எடுத்துப் பாத்தவை, மேல் பக்கம் நல்ல தண்ணி, கீழ போகப் போக உவர், அடியில உப்பு. வத்தாததுக்குக் காரணமும் அதுதான், நல்ல தண்ணி குறைஞ்சா அந்த இடத்தை நிரப்ப உப்புத் தண்ணி கீழ காத்துக்கொண்டு நிக்குது.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விசயத்துக்கு வாறன். வேற ஊர்களில தண்ணித் தட்டுப்பாடு எண்டா கிணறு வத்தும், அடி தெரியும், சனத்துக்கு அது கண்ணால விளங்கும். எங்கட ஊரில கனஇடத்தில கிணறு வத்தாது. கயிறு அதே நீளம்தான் போகும், வாளி நிறைஞ்சுதான் வரும், ஆனா அந்த வாளிக்குள்ள இருக்கிற தண்ணி வருசத்துக்கு வருசம் மாறிக்கொண்டு போகும். முதல் தேத்தண்ணி ருசி மாறும், பிறகு பருப்பு அவிய நேரம் எடுக்கும், சவுக்காரம் நுரைக்காது, பிறகு வெங்காயப் பயிரின்ர நுனி கருகும். அந்த நேரத்திலயும் எட்டிப் பாத்தா கிணறு நிறையத் தண்ணி. இருக்கிற தண்ணியைப் பாத்து இருக்குது எண்டு நம்புறதுதான் எங்களுக்குக் கிடக்கிற பெரிய ஆபத்து.

எவ்வளவு உப்புக் கலந்தா கிணறு கெடும் எண்டும் கணக்குப் பாக்கலாம். கடல் தண்ணியில ஒரு லீற்றருக்கு சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைட்டு, அதாவது உப்பில இருக்கிற ஒரு பங்கு, இருக்கு. குடிதண்ணியில 250 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது எண்டு இலங்கைத் தர நிர்ணயம். அப்ப நூறு வாளி நல்ல தண்ணியில ரெண்டு வாளி கடல் தண்ணி கலந்தா 380 அளவில வந்திடும், அந்தக் கிணறு குடிக்கிற கணக்கில இருந்து வெளிய போயிட்டுது. நூறில ரெண்டு, அவ்வளவு மெல்லிய இடைவெளியிலதான் நாங்கள் குடியிருக்கிறம்.

பழைய ஆக்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தவையோ தெரியாது, ஆனா அவையின்ர இறைப்பு முறை தானாகவே இதுக்குள்ள அடங்கினது. துலாவை நினைச்சுப் பாருங்கோ. விடியப்பறம் ஒருத்தரோ ரெண்டு பேரோ ஆடுகால் பக்கம் ஏறித் துலாவில முன்னுக்கும் பின்னுக்கும் நடக்க, கீழ ஒருத்தர் ஓலைப்பட்டையைப் பிடிச்சு வாய்க்காலுக்க ஊத்த, இன்னொருத்தர் மண்வெட்டியோட பாத்தி பாத்தியாத் தண்ணி மாற, வெயில் ஏறுறதுக்குள்ள எல்லாருக்கும் களைச்சுப் போயிடும். மனிசன் களைக்கிற நேரத்தில கிணறும் ஓய்வெடுக்கும், அடுத்த நாள் விடியிறதுக்குள்ள ஊத்து ஊறி மட்டம் பழையபடி வந்திடும். பிறகு 1950, 60களில மண்ணெண்ணெய்ப் பம் வந்தது, 1970களில அரசாங்கம் வெங்காயம் மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினபோது எங்கட தோட்டக்காரருக்கு நல்ல காலம், பம்பும் பெருகிச்சு. அதை நான் பிழை எண்டு சொல்ல வரேல்ல, அந்தத் தோட்டக் காசிலதான் கனபிள்ளையள் படிச்சது, வீடுகள் எழும்பினது. ஆனா பம் களைக்காது. ரெண்டு இஞ்சி பம் நிமிசத்துக்குச் சில நூறு லீற்றர் இழுக்கும், அப்பிடி ஒரே இடத்தில வேகமா இழுக்கேக்க கிணத்துக்கு நேர கீழ இருக்கிற உப்புப் படை கூம்பு மாதிரி எழும்பி வரும். படுகை முழுக்கத் தண்ணி இருக்கேக்கயே உங்கட கிணறு மட்டும் சவராகிறது இதாலதான். அந்தக் கூம்பு எழும்பினமாதிரி லேசில இறங்காது, பம்பை நிப்பாட்டி, ஒண்டு ரெண்டு நல்ல மாரி வந்து கழுவித் தள்ளினாத்தான் பழைய நிலைக்கு வரும்.

அதாலதான் இஞ்ச எவ்வளவு இறைக்கிறம் எண்டதோட எப்பிடி இறைக்கிறம் எண்டதும் பெரிய கேள்வி. ஒரே நாளைக்கு ஆறு மணித்தியாலம் தொடர்ந்து இறைக்கிறதை விட ரெண்டு ரெண்டு மணித்தியாலமாப் பிரிச்சு இறைக்கிறது நல்லது. ஒரு ஆழமான கிணத்தில மொத்தமா எடுக்கிறதை விட பரவலா ஆழங்குறைஞ்ச கிணறுகளில எடுக்கிறது நல்லது. தண்ணி சவராகிது எண்டு கண்டவுடன கிணத்தை இன்னும் ஆழமா வெட்டுறது, இல்லாட்டி குழாய்க் கிணறு அடிக்கிறது, வன்னியில சரியா இருக்கலாம், கரையோர வலிகாமத்தில அது நேரா உப்புக்குள்ள குழாயை விடுற வேலை. குழாய்க் கிணறு அடிக்கிற ஆக்கள் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டினம், அடி கணக்கிலதான் அவைக்குக் கூலி. வெங்காயத்துக்கு மூண்டு நாலு நாளுக்கு ஒருக்கா வாய்க்கால் நிறைய விடுறதுக்குப் பதிலா தூவல் குழாய் போட்டுச் செய்யிற தோட்டங்கள் இப்ப கனக்க வந்திருக்கு, அதில தண்ணி பாதையில குடிபடாது, கூலியும் மிச்சம், பாக்க உண்மையிலயே சந்தோசமா இருக்கு.

உப்பு மட்டும் எண்டா இவ்வளவு பயம் தேவையில்லை, ஏனெண்டா உப்பு வாயில தெரியும். வாயில தெரியாதது நைத்திரேற்று, உரத்தில இருந்தும் மலசலக் கழிவில இருந்தும் வாறது. செம்மண் தண்ணியை எவ்வளவு வேகமா உள்ள விடுமோ அவ்வளவு வேகமா யூரியாவையும் கரைச்சு உள்ள விடும். பயிர் எடுத்தது போக மிச்சம் நேரா கிணத்துக்க. அதோட எங்கட மலசலகூடக் குழியள். கிணத்துக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேணும் எண்டு வழமையாச் சொல்லுவினம். ரெண்டு பரப்புக் காணி ஒண்டை எடுங்கோ, சதுரமா இருந்தா ஒரு பக்கம் 74 அடி அளவில வரும். அதுக்குள்ள வீடு, கிணறு, குழி மூண்டையும் வைச்சு, உங்கட குழியை எப்பிடியோ தூரத் தள்ளினாலும் பின்வளவுக்காரற்ற குழி உங்கட கிணத்துக்கு எவ்வளவு தூரம்? பக்கத்து வளவுக்காரற்ற? நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் காணியைத் துண்டு துண்டாப் பிரிச்சு வித்த இடங்களில இந்தக் கணக்கைப் போட்டா நெஞ்சு பதறும். மணல் நிலம் எண்டாலும் கொஞ்சம் வடிகட்டும், வெடிப்புக் கல்லுக்க போனது வடிபடாது, ஓடும்.

நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. கொதிக்க வைச்சாப் போகாது, மாறாக, தண்ணி வத்த வத்தக் கூடும். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தையளுக்குப் பால்மா கரைக்கிற தண்ணியில இது கூடினா இரத்தம் ஒட்சிசன் காவுறது குறைஞ்சு பிள்ளை நீலம் பாரிக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில தயவுசெய்து கிணத்துத் தண்ணியை ஒருக்காப் பரிசோதிச்சுப் போட்டுக் குடுங்கோ.

எண்ணெயும் இதே பாதையால வந்ததுதான். சுன்னாகம் மின் நிலையப் பக்கம் கழிவு எண்ணெய் நிலத்துக்க இறங்கிச் சுத்துவட்டாரக் கிணறுகள் பாவிக்க ஏலாமப் போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2019 இல 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஒரு இடத்தில ஊத்தினது ஊர் ஊராப் போற நிலம் இது எண்டதுக்கு இதை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. தண்ணி கெட்டாலும் தண்ணி குறைஞ்சதுதான், நல்ல தண்ணிக் கணக்கில இருந்து அவ்வளவும் கழிபட்டுப் போச்சு.

நிலைபேறான நீர் முகாமைத்துவம் எண்டு செமினார்களில பெரிசாச் சொல்லுறது உண்மையில ஒரு வரவு செலவுக் கணக்குத்தான். வரவு மழை. மழையில ஒரு பெரும்பங்கு வெயிலுக்கும் மரஞ்செடிக்கும் போகும், ஒரு பங்கு வாய்க்காலால கடலுக்கு ஓடும், மிச்சம்தான் நிலத்துக்கு இறங்கும். அந்த இறங்கின அளவையும் முழுசா எடுக்கேலாது, ஏனெண்டா உப்பைக் கீழ தள்ளிப் பிடிக்கிறதுக்கு ஒரு பங்கு கட்டாயம் அங்கயே நிக்கவேணும். கீரிமலையில கடலுக்குப் போற நல்ல தண்ணியைப் பாத்து வீணாப்போகுது எண்டு நினைக்கக்கூடாது, அப்பிடி வெளிய தள்ளிக்கொண்டு இருக்கிறபடியாத்தான் கடல் உள்ள வராம நிக்குது. அப்ப எங்கட கையில இருக்கிற வழி ரெண்டு. செலவைக் குறைக்கிறது, அது மேல சொன்னது. வரவைக் கூட்டுறது, அதுக்குக் குளம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில சின்னதும் பெரிசுமா ஆயிரத்துக்கு மேல குளம் இருக்கு எண்டா வெளியூர் ஆக்கள் நம்பமாட்டினம். கோயில் கேணி, ஊர்க்குளம், வயல்குளம், மாடு குடிக்கிற மோட்டை எண்டு. இந்தக் குளங்களின்ர வேலை தண்ணியை வைச்சிருக்கிறது இல்லை, மாரியில ஓடிப்போற தண்ணியை மறிச்சு ஆறுதலா நிலத்துக்க இறக்கிறது. தை மாசம் குளம் வத்திப்போச்சே எண்டு கவலைப்படத் தேவையில்லை, அது போன இடம் உங்கட கிணறு. ஆனா சேறு பிடிச்ச குளம் இறக்காது, அடியில களிமண் படிஞ்சு அடைச்சிடும், அதாலதான் முந்தி கோடையில ஊர்ச்சனம் சேந்து தூர் வாரி அந்தச் சேத்தைத் தோட்டத்துக்குப் போட்டது. இப்ப குளத்துக்க குப்பை, கட்டிட இடியல், சில இடத்தில குளம் இருந்த இடத்தில மதிலே எழும்பியிருக்கு. குளத்துக்கு வாற வாய்க்கால் அடைபட்டா குளம் இருந்தும் பிரயோசனம் இல்லை, அந்தத் தண்ணி றோட்டில நிக்கும், வீட்டுக்க வரும். 2020 இல புரவிப் புயலுக்கு ஊரெல்லாம் வெள்ளம் நிண்டபோது எல்லாரும் யோசிச்சது எப்பிடி இதைக் கெதியாக் கடலுக்கு வெட்டி விடுறது எண்டுதான். அடுத்த கோடைக்குக் குடிக்கவேண்டிய தண்ணியை நாங்களே கடலுக்கு அனுப்பினது.

வழுக்கை ஆறு இதுக்கு நல்ல உதாரணம். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்தில தொடங்கி சண்டிலிப்பாய் தாண்டி அராலியில கடல்நீரேரிக்குப் போற, மாரியில மட்டும் ஓடுற ஆறு. வழியில இருக்கிற குளங்களை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிரப்பிக்கொண்டு போறதுதான் அதின்ர அமைப்பு. அராலியில தடுப்பணை இருக்கு, மாரியின்ர முடிவில கதவைச் சரியான நேரத்தில மூடினா நல்ல தண்ணி நிக்கும், கடலும் உள்ள ஏறாது, பிந்தினா அந்த வருசம் போச்சு. தண்ணி முகாமைத்துவம் எண்டுறது கனநேரம் இப்பிடி ஒரு கதவும், அதை எப்ப மூடுறது எண்டு தெரிஞ்ச ஒரு ஆளும்தான்.

அதே யோசினையைப் பெரிசாச் செய்து பாத்தவர் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். 1950களில அவர் போட்ட திட்டம் யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு எண்டு பேர் பெற்றது. கனகராயன் ஆறு வன்னியில இருந்து வந்து ஆனையிறவுக் கடல்நீரேரியில விழுந்து வீணாப் போகுது, அந்தக் கடல்நீரேரியைக் கடல் புகாம மறிச்சு நன்னீராக்கி, முள்ளியான் பக்கத்தால நாலு கிலோமீற்றர் அளவில ஒரு கால்வாய் வெட்டி வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டு வந்து, அங்கயிருந்து உப்பாறு வரைக்கும் நிரப்பி, தொண்டைமானாறிலயும் அரியாலையிலயும் கதவு போட்டு நிப்பாட்டினா, குடாநாட்டின்ர நடுவில நல்ல தண்ணி நிக்கும், சுத்தி இருக்கிற கிணறெல்லாம் ஊறும் எண்டது யோசினை. பகுதி பகுதியா வேலை நடந்தது, கால்வாயும் வெட்டத் தொடங்கினது, முழுசா முடியேல்ல, பிறகு சண்டையில இருந்ததும் பழுதாப் போச்சு. ஆணையிடுற ஆக்கள் மாற மாற இந்தத் திட்டத்தைத் திருப்பித் திருப்பிக் கதைப்பினம். எனக்கு இதில பிடிச்சது என்னெண்டா, அவர் தண்ணியைக் குழாயில வீட்டுக்குக் கொண்டுவர யோசிக்கேல்ல, நிலத்துக்குக் குடுக்க யோசிச்சிருக்கிறார்.

பிறகு வந்தது குழாய்த் திட்டம். இரணைமடுவில இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணி கொண்டுவாறதெண்டு ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில தொடங்கினது, கிளிநொச்சி விவசாயியள் எங்கட வயலுக்கே காணாது எண்டு மறுத்தவை, அவை சொன்னதில ஞாயம் இருந்தது, கோடையில ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி காணாத வருசம் அவைதான் பட்டினி. அதால வடமராட்சி கிழக்கு தாளையடியில கடல் தண்ணியைச் சுத்திகரிக்கிற நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில திறந்தினம். ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடி 40 லட்சம் லீற்றர். தீவுப்பகுதிச் சனத்துக்கும் சவர்த் தண்ணியில வாழ்ந்த சனத்துக்கும் இது பெரிய நிம்மதி, அதை ஆரும் குறை சொல்லேலாது. ஆனா கடல் தண்ணியில இருந்து உப்பைப் பிரிக்க, ஆயிரம் லீற்றருக்கு 3 இல இருந்து 4 யூனிற் கரண்ட் தேவை. டொலர் இல்லாம எண்ணெய்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளிய நிண்ட 2022 ஐ நாங்கள் இன்னும் மறக்கேல்ல. குடிக்கிறதுக்கு அந்தத் தண்ணி சரி, வெங்காயத்துக்கும் குளிக்கிறதுக்கும் அது கட்டாது, அதுக்கு மழையும் கல்லும்தான்.

சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாமே எண்டு கேப்பியள். குடாநாட்டில கிணறு ஏறத்தாழ ஒரு லட்சம் எண்டு சொல்லுறவை, ஒவ்வொரு கிணத்தடியிலயும் ஆரை நிப்பாட்டுறது? இந்த இடத்தில எலினோர் ஒஸ்ட்ரம் எண்ட அமெரிக்க அம்மாவைச் சொல்லவேணும், 2009 இல பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு எடுத்த முதல் பெண். அவவின்ர கலாநிதிப் பட்ட ஆய்வு எதைப் பற்றித் தெரியுமோ, லொஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு நிலத்தடி நீர்ப் படுகைக்குள்ள கடல் தண்ணி ஏறினதைப் பற்றி. எங்கட பிரச்சினைதான், அப்பிடியே. அங்க எல்லாரும் போட்டி போட்டு இறைச்சினம், ஒருத்தர் குறைச்சா மற்றவர் எடுப்பார் எண்ட பயத்தில ஒருத்தரும் குறைக்கேல்ல, கடைசியில இறைக்கிறவை தாங்களே சங்கம் மாதிரிக் கூடி, ஆர் எவ்வளவு இறைக்கிறது எண்டு அளந்து எழுதி, நீதிமன்றத்தில பதிஞ்சு, பிறகு கரையோரமா வரிசையாக் கிணறு போட்டு நல்ல தண்ணியை உள்ள செலுத்திக் கடலைத் தடுத்தவை. அவ கண்டது என்னெண்டா, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச ஆக்கள் தங்களுக்குள்ள விதி போட்டு, தாங்களே கண்காணிச்சா பொதுச்சொத்து தப்பும், மேல இருந்து வாற உத்தரவு மட்டும் காணாது எண்டது.

இதைக் கேட்டா யாழ்ப்பாணத்து ஆக்களுக்குப் புதுசா இருக்காது. உங்கட பழைய காணி உறுதியை எடுத்துப் பாருங்கோ, நிலத்தோட கிணத்தில பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும் எண்டு எழுதியிருக்கும். ஒரு தோட்டக் கிணறு, ஏழெட்டுப் பங்காளர், ஆருக்கு எந்த நாள் இறைப்பு முறை எண்டது எழுதாமலே எல்லாருக்கும் தெரியும், முறை தவறினா வேலியடியில சண்டை வரும், வந்து தீரும். பம் வந்த பிறகும் பங்குக் கிணறு கனஇடத்தில நிண்டது. அதைக் குழப்பினது ஆளுக்காள் தனித்தனியாக் கிணறு வெட்டினது, இல்லாட்டி குழாய் இறக்கினது. வெளிநாட்டில இருந்து வந்து காணி வாங்கி வீடு கட்டுறவைக்கு இதைக் குறிப்பாச் சொல்ல ஆசைப்படுறன், உங்கட மதிலுக்குள்ள இருக்கிற கிணறு உங்கட கிணறு, அதுக்குள்ள இருக்கிற தண்ணி சுத்தி இருக்கிற பத்து வீட்டுத் தண்ணி. வளவு முழுக்கச் சீமெந்துக்கல்லுப் பதிச்சா அந்தப் பத்து வீட்டுக்கும் போற மழையை நீங்கள் மறிக்கிறியள்.

வீட்டளவில என்ன செய்யலாம் எண்டா, முதல்ல கூரையைக் கணக்குப் பாருங்கோ. ஒரு சதுர மீற்றரில ஒரு மில்லிமீற்றர் மழை எண்டா ஒரு லீற்றர். 1000 சதுர அடிக் கூரை 93 சதுர மீற்றர், வருசத்துக்கு 1200 மில்லிமீற்றர் பெய்தா ஒரு லட்சத்துப் பதினோராயிரம் லீற்றர் உங்கட கூரையில விழுகுது. அதை முழுக்கத் தாங்கியில வைக்கிறதெண்டா 1000 லீற்றர் தாங்கி நூறுக்கு மேல வேணும், நடக்கிற காரியமில்லை. குடிக்க ஒண்டு ரெண்டு தாங்கி நிரப்புங்கோ, மிச்சத்தை நிலத்துக்குக் குடுங்கோ. பீலித் தண்ணியை நேரா கிணத்துக்க விடக்கூடாது, கூரையில காக்கை எச்சமும் இலைக்குப்பையும் இருக்கும். கிணத்தில இருந்து கொஞ்சம் தள்ளி, மலசலகூடக் குழிக்கு எதிர்ப்பக்கமா ஒரு கிடங்கு வெட்டி, அடியில பெரிய கல்லு, அதுக்கு மேல சல்லி, அதுக்கு மேல மணல் போட்டு அதுக்குள்ள விட்டா வடிஞ்சு இறங்கும். வருசத்துக்கு ஒருக்கா மேல் மணலை அள்ளி மாத்தவேணும், இல்லாட்டி அடைச்சிடும்.

ரெண்டாவது, அளக்கிறது. தண்ணியில மொத்தமா எவ்வளவு உப்புக் கரைஞ்சிருக்கு எண்டு காட்டுற, கையில பிடிக்கிற ரீ.டி.எஸ் மீற்றர் ஒண்டு பெரிய விலை இல்லை, ஒழுங்கையில நாலு வீடு சேந்து வாங்கினாக் காணும். மாசம் ஒருக்கா, இறைக்கிறதுக்கு முதல் ஒருக்கா, இறைச்சு முடிஞ்சு ஒருக்கா அளந்து கலண்டரில எழுதுங்கோ, கூடவே கிணத்துக்கட்டில இருந்து தண்ணி மட்டம் எத்தினை அடி எண்டதையும் எழுதுங்கோ. இறைச்ச பிறகு எண் சட்டெண்டு கூடினா அந்தக் கூம்பு எழும்புது எண்டு அர்த்தம், இறைப்பைப் பிரியுங்கோ. பங்குனிக்கும் புரட்டாதிக்கும் இடையில எவ்வளவு கூடுது எண்டதை வருசத்துக்கு வருசம் ஒப்பிட்டா உங்கட ஒழுங்கை எந்தப் பக்கம் போகுது எண்டு விளங்கும். அந்த மீற்றர் நைத்திரேற்றைத் தனியாக் காட்டாது, அதுக்குத் தண்ணி மாதிரியை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின்ர ஆய்வுகூடத்துக்குத்தான் குடுக்கவேணும்.

குழாய்த் தண்ணி வந்திட்டுது எண்டு கிணத்தை மூடி அதுக்குள்ள கழிவு விடுற ஆக்களும் இருக்கினம், அதை எங்க கண்டாலும் கதையுங்கோ, ஊர்ச்சங்கத்தில எண்டாலும் சரி, பிரதேச சபையில எண்டாலும் சரி. பிறகு புரட்டாதி முடியிறதுக்குள்ள பீலியில கிடக்கிற பூவரசம் சருகை அள்ளிப்போட்டு, உங்கட குறிச்சிக் குளத்துக்குப் போற வாய்க்காலில ஆரும் மண் கொட்டியிருக்கினமோ எண்டு ஒருக்கா நடந்து பாருங்கோ, முதல் மழைத் தண்ணியைக் கூரை கழுவ விட்டுப்போட்டு ரெண்டாவது மழையில இருந்து கிடங்குக்குத் திருப்பி விடுங்கோ.